மாப்பிள்ளை தாமதமா, தூரமா?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் அக்காவிடமிருந்து திருடினேன். அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாப்பாட்டு மேசையில், அவள் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் திருடினேன்.

அன்று அவள் வேலையிலிருந்து வந்து, கழுவிய கையைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து, காலித் தட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"கீழே இருந்து பாக்கறப்போ அவன் தூரமாப் போயிட்டானா, இல்ல தாமதமா வர்றானான்னு கண்டுபிடிக்கவே முடியலடி. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பதை நெருங்கும் அக்கா. எந்த ஆணைப் பற்றியும் சேர்ந்தாற்போல இரண்டு வாக்கியம் பேசாதவள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"யாருக்கா அவன்?"

"ஏழாம் நம்பர்."

அவன் ஒரு செயற்கைக்கோள். என் ஆசையில் மண் விழுந்தது. ஆனால் அந்த வாக்கியம் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாதிக் குடும்பங்களின் கதை அந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்று தோன்றியது. எழுதிப் பிழைக்கிறவள் கையில் பழம் நழுவிப் பாலில் விழுந்தால் சும்மா இருப்பாளா? அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(ஒரு நிபந்தனை: எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அக்காவிடம் காட்ட வேண்டும். அவள் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கிறுக்கித் திருப்பித் தருகிறாள். சிலவற்றை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் விட்டால் கதை மறுபடி அவளுடையதாகிவிடும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், இருளில், தன்னந்தனியாக ஓர் இரும்புப் பறவை—"

(இரும்பு இல்லை. பறவை இல்லை. தனியாகவும் இல்லை, கூடப் பிறந்தவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள்.)

இரண்டாம் முயற்சி:

"சிவப்பு விளக்கு அலறியது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். இன்னும் சில நொடிகளில்—"

(எங்கள் அறையில் சிவப்பு விளக்கே கிடையாது. திரையில் ஒரு கட்டம் மஞ்சளாகும். டீயைக் குடித்துவிட்டுத்தான் போய்ப் பார்ப்போம்.)

கோபம் வந்தது. மூன்றாம் முயற்சியாக அவள் சொன்னதையே எழுதிவிட்டேன்:

"இரண்டாவது மாடியில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஓர் அறை. ஆறு திரைகள். ஏசி ஒழுகுவதால் அதன் கீழே ஒரு நீல வாளி. வாளி நிறைந்தால் யார் கொட்டுவது என்பதில் மட்டும் அங்கே சண்டை வரும். சுவரில் ஒரு புகைப்படம்: பளபளக்கும் ஒரு பெரிய பெட்டியின் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் தலையுறையுமாகப் பன்னிரண்டு பேர். இடது ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவள் அக்கா."

(இது சரி. கண்ணை மூடியதைச் சொல்லியிருக்க வேண்டாம்.)

3

இப்போது கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த பாடம்.

செல்போனில் வழி பார்க்கிறீர்கள். ஒரு நீலப்புள்ளி, நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஓயாமல் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன: நான் இப்போது இன்ன இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இவ்வளவு. அந்தக் குரல் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று உங்கள் போன் கணக்குப் போட்டுத் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தான் எங்கே இருக்கிறோம் என்று அந்தச் செயற்கைக்கோளுக்கே தெரியாது. நாளைக்கு நீ இங்கே இருப்பாய், உன் கடிகாரம் இவ்வளவு பிசகும் என்று கீழே ஓர் அறையில் சிலர் முன்கூட்டியே கணித்து அனுப்புகிறார்கள். அது அதை ஒப்பிக்கிறது. ஆக, நீங்கள் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரிவது என் அக்காவின் நேற்றைய கணிப்பால். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவளிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறேன்.

(எப்போது?)

ஏழாம் நம்பருக்கு அந்த அறையில் வைத்த பெயர் மாப்பிள்ளை. மேலே போக வேண்டிய நாளை மூன்று தடவை தள்ளிப்போட்டு எல்லோரையும் காக்க வைத்தவன். போன பிறகும் முறுக்குக் குறையவில்லை. சூரியன் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும் பருவத்தில் முரண்டு பிடிப்பான். அவன் குரல் கணித்ததைவிட இம்மி பிந்தி வரும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிந்தினால் தூரத்தில் ஒரு அடி பிசகும். மாப்பிள்ளை ஒன்றரை அடி பிசகுகிறான்.

ஏன் பிந்துகிறது? கடிகாரம் மெதுவாக ஓடினாலும் பிந்தும். கடிகாரம் சரியாக ஓடி, அவன் நாம் நினைத்த இடத்தைவிட ஒன்றரை அடி தள்ளி நின்றாலும் பிந்தும். தாமதமா, தூரமா? கீழேயிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெயிலில் கடிகாரத்துக்குக் காய்ச்சல் வருகிறது என்றுதான் அறையில் எல்லோரும் நம்பினார்கள். மாப்பிள்ளையிடம் நான்கு கடிகாரங்கள். இரண்டு செத்துவிட்டன. ஒன்று ஓடுகிறது, ஒன்று தூங்குகிறது. செத்த இரண்டும் சாவதற்கு முன் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, பிறகு ஒருநாள் ஒரேயடியாகத் தாவின. அதனால் ஓடுவதை நிறுத்திவிட்டு, தூங்குகிற கடைசிக் கடிகாரத்தை எழுப்பிவிடலாம் என்பது அந்த அறையின் தலைவர் சொன்ன யோசனை.

கடிகாரம் நிரபராதி என்றால், நன்றாக ஓடுவதைக் கொன்றுவிட்டு, எப்படி ஓடும் என்று தெரியாத கடைசி ஒன்றை நம்பியிருக்க வேண்டும். அதுவும் போனால் மாப்பிள்ளை வெறும் தகரம். கடிகாரம் உண்மையிலேயே நோயாளி என்றால், மாற்றாமல் விடுவது ஆபத்து. அது தாவும் நாளில் மூடுபனிக்குள் துறைமுகத்தைத் தேடி வரும் கப்பல் எங்கே போய் முட்டும்?

மாப்பிள்ளை மேலே போன நாளிலிருந்து அவனைக் கணிப்பது அக்காவின் பொறுப்பு. மாற்றலாமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் சொல்ல வேண்டும். இதுதான் கதையின் முடிச்சு, வேறு எதையும் நான் ஒளித்து வைக்கவில்லை.

4

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தலைவரைப் பிடித்தேன்.

"தலைவர் மேசையை ஓங்கிக் குத்தினார். 'அந்தக் கடிகாரத்தைக் கொன்றுவிடு!' என்று உறுமி—"

(எங்கள் மேசையில் யாரும் குத்த முடியாது. குத்துவதற்கு இடம் கிடையாது.)

தலைவர் யாரையும் பெயர் சொல்லிக்கூட அதட்டாதவராம். வாளி நிறைந்தால் சண்டை பார்க்க மாட்டாமல் அவரே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவாராம். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் செய்வது? வேறு வழியில்லாமல் நல்லவராகவே எழுதினேன். அப்புறம்தான் தெரிந்தது, நல்லவர் இன்னும் மோசம். கெட்டவர் சொன்னால் எதிர்க்கலாம். இவர் அக்காவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்:

"உனக்கு அவனைப் பிடிக்கும்மா. எனக்கும் பிடிக்கும். ஆனா நம்ம பிள்ளை எழுதின பேப்பரை நாமளே திருத்தக் கூடாது, இல்லையா?"

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள், "அவர் சொல்றது சரிடி. அதான் எரிச்சலா வருது."

"நீ என்ன நினைக்கிறே?"

"தள்ளித்தான் நிக்கிறான்னு தோணுது. ஆனா அப்படித் தோணுதா, இல்ல அப்படி இருக்கணும்னு நான் ஆசைப்படறேனான்னு எனக்கே தெரியல."

தன் கணக்கைச் சந்தேகப்பட்டு அக்காவை நான் பார்த்ததே இல்லை. கடைக்காரர் கொடுத்த மிச்சச் சில்லறையைக்கூட எண்ணாமல், எடையை வைத்தே சரியா என்று சொல்லுகிறவள் அவள்.

5

இடையில் ஒரு சண்டை. கதைக்குத் தேவையில்லை என்று தோன்றினால் தாண்டிப் போங்கள். (பின்னால் தேவைப்படும், தாண்டாதீர்கள்.)

"இந்தக் கதை நல்லா வரும்க்கா. என்னோட கணிப்பு," என்றேன்.

"எவ்வளவு நல்லா? கூடக்குறைய எவ்வளவு?"

"அதெல்லாம் எப்படிச் சொல்றது?"

"எல்லை சொல்லாத கணிப்பு கணிப்பே இல்லடி. ஆசை."

"சரி தாயே."

"இன்னொண்ணு. முடிவு தெரிஞ்சவங்க கணிப்புச் சொல்லக் கூடாது. தெரிஞ்சப்புறம் சொன்னா அதுக்குப் பேர் வேற."

"என்ன பேர்?"

"பீத்தல்."

நான் யோசித்துப் பார்த்தேன். கதை எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது அதைத்தானே? கடைசிப் பக்கத்தை மனதில் முடிவுசெய்துவிட்டு, முதல் பக்கத்தில் ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பது. ஆனால் இந்தக் கதையில் எனக்கு அந்த வசதி கிடையாது. நான் எழுதும்போது கூட்டம் இன்னும் நடக்கவில்லை. மாப்பிள்ளை மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

6

அக்கா பாத்திரம் சரியாக வரவில்லை. கணக்கும் பொறுப்புமாக, அரசாங்க விளம்பரத்தில் வரும் பெண் மாதிரி இருந்தாள். கொஞ்சம் ரத்தமும் சதையும் சேர்க்கலாம் என்று ஒரு சின்ன வயதுப் பத்தியை எழுதிச் செருகினேன். நன்றாக இல்லையென்றால் வெட்டிவிடலாம் என்றிருந்தேன். அந்தப் பத்தி இதுதான்:

"அக்கா போட்டு முடித்த பள்ளிச் சட்டைதான் எனக்கு வரும். எங்கள் இருவரையும் அம்மா ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. 'ஒரு வயித்துப் பிள்ளைங்க, அளவு என்ன மாறிடப் போகுது?' என்பாள். எனக்குக் கை நீளம். வகுப்பில் கையைத் தூக்கினால் சட்டை மொத்தமாக மேலே ஏறி வயிறு தெரியும். பின்வரிசை சிரிக்கும். அதனால் பதில் தெரிந்தாலும் நான் கையைத் தூக்குவதில்லை. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: பெரியவள் சுறுசுறுப்பு, சின்னவள் மந்தம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

"இது நிஜமா?"

"எது?"

"நீ கையைத் தூக்காதது."

"ஆமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"உன் சட்டைக்கா. உங்கிட்டயே எப்படிக் குறை சொல்றது?"

அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எழுத்தாளர் புத்தி, 'ஆகா, காட்சி நன்றாக வருகிறது' என்று சந்தோஷப்பட்டது. கேவலம்தான், என்ன செய்வது!

பிறகு அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

"இரு. இரு இரு இரு."

"என்னக்கா?"

"அவனை யார் அளந்தாங்க?"

"எவனை?"

பையை எடுத்தாள், கதவைத் திறந்தாள், போய்விட்டாள். ஒரு காலில் அவள் செருப்பு, ஒரு காலில் என் செருப்பு.

7

வெயில் தள்ளும் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மேலே காற்றில்லாத இடத்தில், சூரிய வெளிச்சம் படப்படச் செயற்கைக்கோளை ஒரு பக்கமாக மெல்ல மெல்லத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பது அதன் உடம்பின் அளவைப் பொறுத்தது. அந்த அளவைக் கணக்கில் கொடுத்தால்தான் நாளை எங்கே இருக்கும் என்று கணிக்க முடியும்.

மாப்பிள்ளையின் கணக்கில் இருந்தது ஆறாம் நம்பரின் அளவு.

இரண்டும் ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு. ஆனால் கடைசியாகப் போன மாப்பிள்ளையின் மேல் ஒரு சோதனைக் கருவியைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். உடம்பு ஒரு முழம் நீண்டுவிட்டது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. சுவரில் உள்ள புகைப்படத்தில் அந்தக் கருவி பளிச்சென்று தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பன்னிரண்டு பேரும் டீ குடித்தார்கள். மேலே போவதற்கு முந்தைய வாரம், கணினியை ஓட்டிப் பார்ப்பதற்காக யாரோ அண்ணன் அளவைத் தம்பிக்கு ஒட்டி, 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இத்தனை நாள் தேடிய வில்லன் அந்த 'அப்புறம்' தான்.

(சட்டைப் பத்தியைப் படிப்பதற்கு முன்பே எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.)

அப்படியென்றால் ஏன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினாய்?

(அவசரம்.)

வாசகர்களே, நீங்களே சாட்சி.

சரியான அளவைக் கொடுத்துக் கணக்கை ஓட்டினாள். போன பருவத்துப் பிசகெல்லாம் மறைந்துவிட்டது. தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நடந்து முடிஞ்சதுக்குத் தைச்சா எந்தச் சட்டையும் பொருந்தும்மா. நடக்கப்போறதைச் சொல்லு."

சொன்னாள். மாப்பிள்ளை ஒரு கண்ணாடியைச் சுமந்துகொண்டு போயிருக்கிறான். தரையிலிருந்து அதன்மேல் லேசர் ஒளியை அடித்தால் திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை நம் கடிகாரத்தில் எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். அவன் கடிகாரத்தைக் கேட்கவே வேண்டாம். கடிகாரம்தான் குற்றவாளி என்றால், அவன் பழைய கணக்கு சொன்ன இடத்திலேயே சமர்த்தாக நிற்பான். அக்கா சொல்வது சரியென்றால், ஒன்றரை அடி தள்ளி நிற்பான்.

"கூடக்குறைய?" என்று கேட்டார் தலைவர்.

"நாலு விரல், சார்."

"உள்ளே இருந்தா?"

"கடிகாரத்தைத் தொட வேண்டாம்."

"வெளியே இருந்தா?"

"மாத்திடலாம். நானே மாத்தறேன்."

வெள்ளிக்கிழமைக்குள் லேசர் அடிக்க வேண்டும். அதற்குமேல் சூரியனின் கோணம் மாறிவிடும், மாப்பிள்ளையும் நல்ல பிள்ளையாகிவிடுவான், எதையும் நிரூபிக்க முடியாது. லேசர் இருப்பது வேறோர் ஊரில், ஒரு மலைமேல். அக்கா தினமும் காலையில் போன் போட்டாள்.

"அண்ணே, இன்னைக்கு எப்படி?"

"மேகம்மா. நேத்து உட்கார்ந்தது எழுந்திரிக்கவே இல்ல."

8

மேகம் கலையக் காத்திருந்த நேரத்தில் நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. லேசர் திரும்பி வருகிறது, நாலு விரலுக்குள். தலைவர் எழுந்து நிற்கிறார். அறையே கை தட்டுகிறது.

(யாரும் கை தட்ட மாட்டார்கள். 'சரி, அடுத்தது' என்பார்கள்.)

இரண்டாம் முடிவு. எல்லைக்கு வெளியே. அக்காவே உட்கார்ந்து, தான் வளர்த்தவனின் கடிகாரத்தை நிறுத்தும் கட்டளையை— இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அக்கா அதை எடுத்துப் பிரித்துப் படித்திருக்கிறாள்.

"இதையும் எழுதுடி. ஏன் கிழிச்சே?"

"நீ தோத்துப்போற மாதிரி வருதுக்கா."

"தோக்கறது என்னடி? நான் சொன்னது தப்புன்னா தெரியணும்தானே. கப்பல்ல இருக்கறவனுக்கு என் மாப்பிள்ளையா முக்கியம்?"

"அழ மாட்டியா?"

"அழுவேன். அழுதுட்டு மாத்திடுவேன்."

இந்தப் பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். இதை அவளிடம் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். (பார்த்துவிட்டேன்.)

மூன்றாம் முடிவு. மேகம் கலையவே இல்லை. தாமதமா, தூரமா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. வாழ்க்கையும் அப்படித்தான், இத்யாதி. கெட்டிக்கார எழுத்தாளர்கள் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சோம்பலுக்குக் கலை என்று பெயர் வைத்திருக்கிற கூட்டம் அது. நான் அதில் சேரமாட்டேன் என்று அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையைத் தள்ளிக்கொண்டாள்.

9

வெள்ளிக்கிழமை காலை. இதை நடக்கும்போதே எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சாப்பாட்டு மேசையில். அக்கா வாசலில், இரண்டு காலிலும் தன் செருப்பா என்று பார்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வானம் பளிச்சென்று இருக்கிறது. அதில் பிரயோஜனமில்லை, மலைமேல் உள்ள வானம்தான் கணக்கு.

போன் அடிக்கிறது.

"சொல்லுங்கண்ணே."

லேசர்க்காரருக்கு இடிக்குரல். போனிலிருந்து மேசை வரைக்கும் கேட்கிறது.

"தங்கச்சி, விடிகாலைல கொஞ்ச நேரம் மேகம் விலகிச்சு. விடுவமா? அடிச்சோம். திரும்பி வந்துடுச்சு. எழுதிக்கறியா?"

எண்ணைச் சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

இன்னொரு தடவை சொன்னார். இரண்டு தடவையும் எனக்குக் கேட்டது. எனக்கு ஒன்றரை அடியும் தெரியும், நாலு விரலும் தெரியும். கழித்துப் பார்க்கத் தெரியாத அளவுக்கு நான் மந்தமில்லை.

அக்கா போனை வைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இந்த வரி வரைக்கும் படித்தாள். இப்போது அவள் கை என் தோளில் இருக்கிறது. கொஞ்சம் நடுங்குகிறது. சந்தோஷத்துக்கும் கை நடுங்கும், துக்கத்துக்கும் நடுங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"முடிவை எழுதப்போறியா?" என்கிறாள்.

எழுத ஆசையாக இருக்கிறது. விரல் துடிக்கிறது. மேகத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவில்லை என்பதற்கு நீங்கள் சாட்சி. முடிவு இருக்கிறது, அது ஓர் எண், என் காதால் கேட்டேன். ஆனால் முடிவு தெரிந்தவர் கணிப்புச் சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று ஐந்தாம் பகுதியில் பார்த்தோம். இந்த வீட்டில் இப்போது கதையை முடிக்கும் தகுதி யாருக்கும் கிடையாது. அது உங்களுக்குத்தான் இருக்கிறது. அவளைத் தெரியும், மாப்பிள்ளையைத் தெரியும், சட்டையின் கதையும் தெரியும். எண் மட்டும்தான் தெரியாது. கணிப்பதற்கு இதைவிட நல்ல நிலைமை அமையாது.

பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கம்தான். அன்றைக்குச் சட்டைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு உங்களுக்காக.

நீங்கள் தூக்குங்கள். சொல்லும்போது கூடக்குறைய எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அக்கா கேட்பாள்.